எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தக்கட்டி தடுப்பு ஊசி: எவ்வளவு டோஸ், எத்தனை நாள்?

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) அல்லது பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது பலருக்கும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசிகள் கொண்ட ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 40 மி.கி., நமக்கு 60. ஒருவருக்கு ஒரு வேளை, இன்னொருவருக்கு இரண்டு வேளை, மூன்றாமவருக்கு ஊசியே இல்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று உட்கார்ந்து விளக்க வார்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை, நோயாளிக்கும் கேட்கத் தயக்கம். அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். இதில் வரும் எண்கள் விஷயத்தைப் புரிந்துகொள்ளவும் உங்கள் டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும்தான். சீட்டில் எழுதிய டோஸை இதைப் பார்த்து நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஆபரேஷன் வயிற்றில்தானே, காலில் ஏன் ரத்தம் கட்டுகிறது?

ரத்தம் நாளத்துக்குள் உறைய மூன்று காரணங்களைச் சொல்வார்கள்: ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் உள்சுவர் அடிபடுவது, ரத்தமே உறையும் பக்கம் சாய்வது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்க்கோவின் பெயரில் வழங்கும் கணக்கு இது. எடைக்குறைப்பு ஆபரேஷனில் இந்த மூன்றும் ஒன்றாக வந்துவிடும். லேப்ராஸ்கோபிக்காக (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்பும்போது அந்த அழுத்தம் கீழிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அமுக்கும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்திருப்பார்கள், அதனால் கால் ரத்தம் மேலே ஏறுவது இன்னும் மெதுவாகும். கூடவே உடல் பருமனே ஒரு நிரந்தர அழற்சி நிலை, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் சில பொருட்கள் உறைந்த கட்டி கரைவதைத் தடுக்கும். கால் சிரையில் உருவான கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் நடக்கும் மரணங்களுக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

எத்தனை பேருக்கு இப்படி வருகிறது? பயப்பட வேண்டிய அளவா?

எண்ணிக்கை குறைவு. அமெரிக்காவில் 73,921 பேரின் பதிவுகளைப் பார்த்து 2011இல் வந்த ஆய்வில் 90 நாளுக்குள் ரத்தக்கட்டி வந்தவர்கள் 0.42 சதவீதம், அதாவது ஆயிரம் பேரில் நான்கு பேர். ஆனால் அதே ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது: வந்த கட்டிகளில் 73 சதவீதம் டிஸ்சார்ஜ் ஆன பிறகு வந்தவை. வார்டில் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது வருவதைவிட வீட்டில் சோபாவில் சாய்ந்திருக்கும்போது வருவதுதான் அதிகம். டோஸ் பற்றி எவ்வளவோ விவாதம் நடக்கிறது, ஆனால் என்னைக் கேட்டால் இந்த ஆபரேஷனில் அதிகம் கோட்டை விடப்படுவது மில்லிகிராமில் இல்லை, வீட்டில் கழியும் அந்த மூன்று நான்கு வாரங்களில்.

கொடுக்கும் ஊசி என்ன?

பெரும்பாலும் எனாக்ஸபாரின். க்ளெக்ஸேன் என்ற பெயரிலும் வேறு பல கம்பெனி பெயர்களிலும் கிடைக்கும். இது ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான ஹெப்பாரினை உடைத்துச் சிறிய மூலக்கூறுகளாக்கிய மருந்து. சாதாரண ஹெப்பாரினும் சில இடங்களில் உண்டு, 5000 யூனிட் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40க்கு மேல் போனால் சில மருத்துவமனைகளில் 7500. இரண்டில் எது மேல் என்பதற்கு மிச்சிகன் மாநிலத்து மருத்துவமனைகள் சேர்ந்து 24,777 பேரை வைத்து 2012இல் ஒரு பதில் கொடுத்தன. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சாதாரண ஹெப்பாரின் போட்டவர்களில் 0.68 சதவீதம் பேருக்குக் கட்டி வந்தது, இரண்டு முறையும் எனாக்ஸபாரின் வகை ஊசி போட்டவர்களில் 0.24 சதவீதம். ரத்தக்கசிவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால்தான் இன்று பெரும்பாலான இடங்களில் இந்த ஊசி.

சரி, டோஸ் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது?

வயிற்று ஆபரேஷன்களுக்குப் பொதுவான தடுப்பு டோஸ் எனாக்ஸபாரின் 40 மி.கி. தினம் ஒரு வேளை. அமெரிக்காவில் மூட்டு மாற்று ஆபரேஷன்களில் 30 மி.கி. இரண்டு வேளை என்ற பழக்கமும் உண்டு. இந்த டோஸ்களைத் தீர்மானித்த ஆய்வுகளில் 130, 150 கிலோ எடை உள்ளவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு அதே 40 போதுமா என்ற சந்தேகம் எழுந்தது நியாயம்தானே.

2002இல் வந்த ஒரு ஆய்வில் 481 பேரைப் பார்த்தார்கள். 30 மி.கி. இரண்டு வேளை போட்ட குழுவில் 5.4 சதவீதம் பேருக்குக் காலில் கட்டி, 40 மி.கி. இரண்டு வேளை போட்ட குழுவில் 0.6 சதவீதம். பார்த்தவுடன் அசந்துபோகும் வித்தியாசம். ஆனால் இது குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை, முதலில் ஒரு காலத்தில் ஒரு டோஸ், பிறகு இன்னொரு காலத்தில் இன்னொரு டோஸ். இடைப்பட்ட காலத்தில் ஆபரேஷன் நேரமும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களும் குறைந்திருந்தன. ஆக, பெருமை முழுவதையும் டோஸுக்கே கொடுத்துவிட முடியாது. இருந்தாலும் பிஎம்ஐ 40ஐத் தாண்டியவர்களுக்கு 40 மி.கி. இரண்டு வேளை என்ற வழக்கம் பரவலானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த படி பிஎம்ஐயைப் பார்த்துப் பிரிப்பது. 2008இல் 223 பைபாஸ் நோயாளிகளிடம் இப்படிச் செய்தார்கள்: பிஎம்ஐ 50 வரை 40 மி.கி., அதற்கு மேல் 60 மி.கி., ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வீட்டுக்குப் போனதும் அதே அளவு தினம் ஒரு வேளை 10 நாள். ஒருவருக்குத்தான் கட்டி வந்தது, நான்கு பேருக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்குக் கசிவு. இன்று பல மருத்துவமனைகளின் நெறிமுறையை வாங்கிப் பார்த்தால் இதன் சாயல் தெரியும். இன்னும் சிலர் கிலோவுக்கு 0.5 மி.கி. என்று எடைபோட்டுக் கொடுப்பார்கள், 120 கிலோ என்றால் 60 மி.கி.

மூன்று வழிகளும் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்றுதான் சரி, மற்றது தவறு என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய குலுக்கல் ஆய்வு எதுவும் இவற்றை நேருக்கு நேர் வைத்து முடிவு சொல்லவில்லை. உங்களுக்கும் பக்கத்துப் படுக்கைக்கும் டோஸ் வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம், யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்பதில்லை.

எடை இரண்டு மடங்கு என்றால் மருந்தும் இரண்டு மடங்கு போட வேண்டியதுதானே?

இல்லை. இந்த மருந்து கொழுப்பில் போய்த் தங்குவதில்லை, பெரும்பாலும் ரத்த ஓட்டத்தில்தான் இருக்கும். உடம்பு கனக்கக் கனக்க ரத்தத்தின் அளவும் கூடும், ஆனால் எடை கூடும் வேகத்தில் கூடாது, ஏனென்றால் கொழுப்புத் திசுவில் ரத்தம் குறைவு. 75 கிலோ ஆளைவிட 150 கிலோ ஆளுக்கு ரத்தம் அதிகம், ஆனால் இரண்டு மடங்கு இல்லை. அதனால் டோஸைக் கூட்டத்தான் வேண்டும், எடைக்கு நேர் விகிதத்தில் கூட்டினால் மருந்து மிஞ்சிவிடும்.

மிஞ்சினால் என்ன? இரைப்பையை வெட்டி ஸ்டேப்ளர் போட்ட கோடு முழுக்கப் புதுப் புண். முதல் ஓரிரு நாளில் அங்கே ரத்தம் கசிய ஆரம்பித்தால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம். மறுபடி தியேட்டருக்குப் போவதே ரத்தக்கட்டி ஆபத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதுதான் இதில் கொடுமை: கசிவுக்காக ஊசியை நிறுத்துவார்கள், படுக்கை நாட்கள் கூடும், கட்டி வரும் வாய்ப்பும் கூடும். அளவுக்கு மிஞ்சிய பாதுகாப்பு இங்கே பாதுகாப்பே இல்லை.

அமெரிக்கக் கணக்கு நம் ஊர் ஆட்களுக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது, இதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலோர் பிஎம்ஐ 45, 50 என்று இருந்தவர்கள். ஆசியர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரையும் இதயப் பிரச்சினையும் வருவதால் இந்த ஆபரேஷனுக்கான வரம்பும் இங்கே கீழே வைக்கப்பட்டிருக்கிறது. 2022இல் வந்த சர்வதேசப் பரிந்துரை ஆசியர்களுக்குப் பிஎம்ஐ 27.5லிருந்தே ஆபரேஷனை யோசிக்கலாம் என்கிறது. 155 செ.மீ. உயரம், 82 கிலோ எடை உள்ள ஒரு பெண் கட்டுப்படாத சர்க்கரைக்காக ஆபரேஷன் செய்துகொள்கிறார் என்று வையுங்கள். பிஎம்ஐ 34தான். வேறு ஆபத்து எதுவும் இல்லாவிட்டால் அவருக்கு 40 மி.கி. ஒரு வேளையே போதும் என்று டாக்டர் முடிவு செய்தால் அதில் தவறு இல்லை. ‘பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு ஆபரேஷன்) என்றாலே 40 இரண்டு வேளை’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதுதான் சரியில்லை.

பிஎம்ஐயை மட்டும் நம்புவதிலும் ஒரு சிக்கல். 115 கிலோ உள்ள இருவரை எடுங்கள், ஒருவர் 150 செ.மீ., இன்னொருவர் 180 செ.மீ. குள்ளமானவரின் பிஎம்ஐ 51, உயரமானவரின் பிஎம்ஐ 35. பிஎம்ஐ விதிப்படி போனால் முன்னவருக்கு 60 இரண்டு வேளை, பின்னவருக்கு 40தான் இரண்டு வேளை. ஆனால் மருந்து போய்ச் சேரும் ரத்தத்தின் அளவு உயரமானவருக்கு அப்படிக் குறைந்துவிடாது, சொல்லப்போனால் அவருக்குக் கூடவே இருக்கலாம். எடையையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர்கள் சரியான வழியில் போகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ரத்தத்தில் மருந்து போதுமா என்று பார்க்க டெஸ்ட் உண்டா?

உண்டு, ஆன்டி டென்-ஏ என்பார்கள். மூன்றாவது டோஸ் போட்டு நான்கு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். தடுப்புக்கு 0.2 முதல் 0.5 வரை இருந்தால் சரி என்பது பலரும் வைத்திருக்கும் அளவு. எல்லா ஊரிலும் எல்லா லேபிலும் இது கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும் இல்லை. மிக அதிக எடை, சிறுநீரகக் கோளாறு, முன்பே கட்டி வந்தவர் என்றால் கேட்டுப் பார்க்கலாம். ஒரு விஷயம்: டெஸ்டில் எண் சரியாக வந்தால் கட்டி வராது என்று அர்த்தமில்லை. ஃபோண்டாபாரினக்ஸ் என்ற இன்னொரு ரத்தக்கட்டி தடுப்பு ஊசியையும் எனாக்ஸபாரினையும் 198 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வில், சரியான அளவை எட்டியவர்கள் ஃபோண்டாபாரினக்ஸ் பக்கம் மிக அதிகம், ஆனால் கட்டி வந்தவர்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் ஊசியை ஆபரேஷனுக்கு முன்னாடியே போடுவார்களா?

சில இடங்களில் முந்தின இரவு அல்லது தியேட்டருக்குப் போகும் முன், சில இடங்களில் ஆபரேஷன் முடிந்து கசிவு இல்லை என்று உறுதியானதும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள். முதுகில் எபிடியூரல் (வலி தெரியாமலிருக்கத் தண்டுவடத்தின் பக்கத்தில் போடும் ஊசி) போடும் திட்டம் இருந்தால் நேரக் கணக்கு இன்னும் கறார்: தடுப்பு டோஸ் போட்டு 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டுவடத்தின் பக்கத்தில் ரத்தம் கட்டும் ஆபத்து. வேறு ஆஸ்பத்திரியில் ஏதாவது ரத்தம் மெலிதாக்கும் மருந்து எடுத்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எத்தனை நாள் போட வேண்டும்? எனக்கு ஊசியே தரவில்லையே?

கட்டிகளில் பெரும்பகுதி வீட்டில்தான் வருகிறது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் எல்லோருக்கும் நான்கு வாரம் ஊசி கொடுத்துவிடலாமே என்று தோன்றும். ஆயிரத்தில் நான்கு பேருக்கு வருவதைத் தடுக்க ஆயிரம் பேருக்கும் ஒரு மாதம் ஊசி போட்டால் செலவு ஒரு பக்கம், கசிவு ஒரு பக்கம். அதனால் யாருக்குத் தேவை என்று பிரித்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 91,963 பேரின் தகவலை வைத்து 2017இல் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதில் ஆபத்தை ஏற்றும் விஷயங்கள்: இதயச் செயலிழப்பு, இரு கால்களும் செயலிழந்திருப்பது, மறுபடி தியேட்டருக்குப் போக நேர்வது, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, வயது 60 அல்லது அதற்கு மேல், ஆணாக இருப்பது, பிஎம்ஐ 50 அல்லது அதற்கு மேல், ஆபரேஷன் மூன்று மணி நேரத்தைத் தாண்டுவது, மூன்று நாளோ அதற்கு மேலோ ஆஸ்பத்திரியில் தங்குவது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் ஆபரேஷனைவிட மற்ற எடைக்குறைப்பு ஆபரேஷன்களில் ஆபத்து கூட. இவற்றைப் போட்டுக் கணக்கிட்டு, டிஸ்சார்ஜுக்குப் பின் கட்டி வரும் வாய்ப்பு 0.4 சதவீதத்தைத் தாண்டினால் வீட்டிலும் ஊசியைத் தொடர யோசிக்கலாம் என்றார்கள். முன்பு ஒருமுறை கால் கட்டியோ நுரையீரல் கட்டியோ வந்தவர்களுக்குக் கணக்கே தேவையில்லை, அவர்களை எப்போதும் அதிக ஆபத்துப் பட்டியலில்தான் வைக்க வேண்டும்.

நாட்கள் என்று பார்த்தால் 10 நாள், இரண்டு வாரம், மூன்று நான்கு வாரம் என்று இடத்துக்கு இடம் மாறும். பிஎம்ஐ 35, வயது 32, ஒரு மணி நேர ஸ்லீவ், மறுநாளே எழுந்து நடமாட்டம் என்றால் ஊசி இல்லாமல் அனுப்புவதும் ஏற்கத்தக்க முடிவே. ஆனால் அது யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், சீட்டில் எழுத மறந்ததாக இருக்கக் கூடாது. எனவே டிஸ்சார்ஜ் அன்று வாய்விட்டுக் கேளுங்கள்: ‘டாக்டர், வீட்டில் ஊசி வேண்டாம் என்று முடிவு செய்துதான் அனுப்புகிறீர்களா?’ வேண்டும் என்றால் எத்தனை மி.கி., எத்தனை வேளை, எந்தத் தேதியோடு நிறுத்துவது என்று தாளில் எழுதி வாங்குங்கள். ஊசி விலையைப் பார்த்துப் பாதிப் பெட்டியோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். கட்டுப்படியாகாது என்றால் அதையும் டாக்டரிடமே சொல்லுங்கள், வேறு கம்பெனி மருந்தை எழுதிக் கொடுக்க முடியும். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

ஊசிக்குப் பதில் மாத்திரை இல்லையா?

ரிவரோக்ஸபான் என்ற மாத்திரையை இதற்காகச் சோதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 272 பேருக்கு ஆபரேஷனுக்கு மறுநாளிலிருந்து 10 மி.கி. தினமும், பாதிப் பேருக்கு 7 நாள், மீதிப் பேருக்கு 28 நாள் கொடுத்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒருவருக்குத்தான் கட்டி, அதுவும் அறிகுறி இல்லாதது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சிறிய ஆய்வு, ஆபத்து அதிகம் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் இந்த ஆபரேஷனே குடலையும் இரைப்பையையும் மாற்றி அமைக்கிறது என்பதுதான். ரிவரோக்ஸபான் பெரிதும் இரைப்பையிலும் ஓரளவு குடலின் மேல்பகுதியிலும் உறிஞ்சப்படும் மருந்து, அதே வேலை செய்யும் டாபிகாட்ரான் என்ற மாத்திரை கரைவதற்கே அமிலம் வேண்டும். இரைப்பை சிறுத்து, அமிலமும் குறைந்து, உணவின் வழியும் மாறிய உடம்பில் மாத்திரையில் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது. உண்மையிலேயே கட்டி வந்துவிட்டால் சிகிச்சைக்கு முதல் நான்கு வாரமாவது ஊசிதான் என்று சர்வதேச ரத்த உறைவுச் சங்கத்தின் 2021 வழிகாட்டுதலும் சொல்கிறது.

காலில் கட்டும் பம்ப், சாக்ஸ் எல்லாம் எதற்கு? ஊசி போதாதா?

பம்ப் அவசியம். மயக்கம் கொடுக்கும் முன்பே மாட்டி, நன்றாக நடமாடும் வரை வைத்திருப்பார்கள், அது காலை விட்டுவிட்டு அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். இறுக்கமான சாக்ஸ் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை, பருத்த காலுக்கு அளவு சரியாக அமையாமல் முட்டிக்குக் கீழே சுருண்டு கயிறு கட்டியது போல் இறுக்கினால் கெடுதல்தான். எல்லாவற்றையும்விட முக்கியம் ஆபரேஷன் அன்று சாயங்காலமே எழுந்து நடப்பது. வீட்டுக்கு வந்ததும் பாட்டி, அத்தை எல்லோரும் ‘ஆபரேஷன் பண்ணின உடம்பு, படுத்துக்கோ’ என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்காதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள்ளேயே நாலு சுற்று நடங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். சிறுத்த இரைப்பையில் ஒரே மூச்சில் குடிக்க முடியாது, குமட்டும், அதனால் பலர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். நீர் வற்றினால் ரத்தம் கெட்டிப்படும். நாள் முழுக்க வாய் வாயாக உறிஞ்சி ஒன்றரை லிட்டரையாவது எட்டப் பாருங்கள். அடிக்கடி வாந்தி எடுத்து எதுவும் நிற்கவில்லை என்றால் டிரிப்ஸ் தேவைப்படலாம், காத்திருக்க வேண்டாம்.

வயிற்றில் ஃபில்டர் வைத்தால் நுரையீரலுக்குக் கட்டி போகாதாமே?

பெரிய சிரைக்குள் வைக்கும் வலை அது. ஒரு காலத்தில் அதிக எடை உள்ளவர்களுக்கு முன்கூட்டியே வைத்தார்கள். மிச்சிகனில் 6,376 பைபாஸ் நோயாளிகளை ஆராய்ந்து, ஃபில்டர் வைத்த 542 பேரையும் வைக்காதவர்களையும் 2010இல் ஒப்பிட்டபோது பலன் எதுவும் தெரியவில்லை, ஃபில்டராலேயே சிக்கலும் மரணமும் நேர்ந்திருந்தன. இன்று வழக்கமாக வைப்பதில்லை.

இந்த ஊசி பன்றியிலிருந்து எடுப்பது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஹெப்பாரினும் எனாக்ஸபாரினும் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து தயாராகின்றன. மத நம்பிக்கையாலோ சைவம் என்பதாலோ இது உங்களுக்கு முக்கியம் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லுங்கள், கடைசி நேரத்தில் மறுத்து ஊசியே இல்லாமல் இருந்துவிடாதீர்கள். ஃபோண்டாபாரினக்ஸ் முழுக்க ஆய்வகத்தில் செய்யும் மருந்து, விலங்குப் பொருள் இல்லை. ஆனால் அது உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், கசிவு வந்தால் முறிக்க மருந்து இல்லை. எனாக்ஸபாரினை புரோட்டமைன் என்ற முறிவு மருந்து கொடுத்து ஓரளவாவது முறிக்கலாம்.

பிசிஓடிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்த வேண்டுமா?

பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) கொடுப்பது பல நேரம் கருத்தடை மாத்திரைதான், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். ஆபரேஷனுக்கு ஒரு மாதச் சுழற்சிக்கு முன்பே அதை நிறுத்துவது வழக்கம், மாதவிடாய் நின்றவர்கள் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சை என்றால் மூன்று வாரம் முன்பு. நிறுத்தும் காலத்தில் வேறு கருத்தடை வேண்டும், ஏனென்றால் ஆபரேஷனுக்குப் பின் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், எடை குறையும்போது பிசிஓடி உள்ளவர்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பும் திடீரென்று கூடும்.

இன்னொன்று யாரும் கேட்காமல் விடும் விஷயம்: கோவில் திருவிழா, வீட்டு விசேஷம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட மெடிக்கல் கடையில் வாங்கிப் போடும் நோரெதிஸ்டிரோன். அதில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும். ஆபரேஷனை ஒட்டிய மாதங்களில் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கிட்னி சரியில்லாதவர்களுக்கு?

எனாக்ஸபாரின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் மருந்து தேங்கும், டோஸைக் குறைப்பார்கள் அல்லது சாதாரண ஹெப்பாரினுக்கு மாற்றுவார்கள். சர்க்கரை நோயாளிகள் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

வீட்டில் எப்படிப் போடுவது? மறந்துவிட்டால்?

தொப்புளிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஆபரேஷன் துளைகளையும் தவிர்த்து, இன்று வலப்பக்கம் என்றால் நாளை இடப்பக்கம். தோலை மடிப்பாகப் பிடித்து ஊசியை நேராக முழுவதும் இறக்கி மெதுவாக அழுத்துங்கள், எடுக்கும்வரை மடிப்பை விட வேண்டாம். நிரப்பி வரும் சிரிஞ்சில் தெரியும் காற்றுக் குமிழியை வெளியேற்றாதீர்கள், மருந்து வீணாகும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் நீலம் பாரிக்கும். சிறு நீலத் திட்டு வருவது சகஜம். பயன்படுத்திய ஊசியை மூடியுள்ள கெட்டி டப்பாவில் போடுங்கள், குப்பை எடுக்கும் கைகளில் குத்தக் கூடாது. பெட்டியில் போட்ட வெப்ப அளவைப் பாருங்கள், சித்திரை வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள்.

மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த டோஸ் நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

ஊசி போடும் நாட்களில் வலி மாத்திரை, பூண்டு, கருஞ்சீரகம்?

டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் வகை வேண்டாம். ஊசியோடு சேர்ந்தால் கசிவு, பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பில் புண்ணும் வரும். பாராசிட்டமால் போதும். சமையலில் போடும் பூண்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ‘ரத்தத்தை மெலிதாக்கும்’ என்று விற்கும் பூண்டு மாத்திரை, கஷாயம், பொடி எதுவும் ஊசிக்கு மாற்று இல்லை. ஊசியை நிறுத்திவிட்டு அதை எடுப்பது பெரிய தப்பு.

எப்போது உடனே ஓட வேண்டும்?

ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதையில் வலி. திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தல், மயக்கம், இருமலில் ரத்தம். இவற்றில் மூச்சு சம்பந்தப்பட்ட எதுவும் வந்தால் ‘கேஸ் பிடிச்சிருக்கும்’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேதியையும் கடைசி ஊசி போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். கட்டி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் ஆபரேஷன் ஆனவர்களுக்கு எப்படியும் கூடத்தான் காட்டும், அதனால் டாப்ளரும் (காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) நெஞ்சு சிடி ஸ்கேனும்தான் முடிவு சொல்லும்.

கசிவின் அறிகுறி வேறு: ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் நின்றுவிடுவது, எழுந்தால் கண் இருட்டுவது. அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரையில் கட்டி. ஸ்லீவ் செய்தவர்களுக்குக் கூடுதலாக வருகிறது, பெரும்பாலும் ஓரிரு வாரம் கழித்து, வீட்டில். கால் வீங்காது, மூச்சு வாங்காது. விடாத வயிற்று வலி, குமட்டல், சில நேரம் காய்ச்சல். அல்சர் மாத்திரையோடு வீட்டில் இருந்துவிடுவது மிகச் சுலபம். ஸ்லீவ் முடிந்து இரண்டாவது வாரத்தில் புதிதாக வயிற்று வலி வந்தால் ‘சிடி எடுக்க வேண்டுமா?’ என்று நீங்களே கேளுங்கள்.

ஹெப்பாரின் வகை ஊசி சிலருக்குத் தட்டணுக்களைக் குறைத்து, கசிவுக்குப் பதில் கட்டியையே உண்டாக்கும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் பெரும்பாலும் வரும், எனாக்ஸபாரினில் அரிது. நீண்ட நாள் ஊசி என்றால் இடையில் ஒரு ரத்த எண்ணிக்கை பார்ப்பது நல்லது.

ஆபரேஷன் சென்னையில், வீடு திருநெல்வேலியில். எப்போது பயணம் செய்யலாம்?

நான்கு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார்வது ஆபரேஷன் ஆகாதவர்களுக்கே கட்டி ஆபத்தைக் கூட்டும். முடிந்தால் சில நாள் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். கிளம்புவதென்றால் ஆம்னி பஸ்ஸைவிட ரயில் மேல், எழுந்து நடக்க இடம் இருக்கிறது. காரில் என்றால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். அன்றைய ஊசியை எங்கே, எப்போது போடுவது என்று முன்பே திட்டமிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் திரும்பும் விமானத் தேதியை முன்பதிவு செய்யும் முன் சர்ஜனிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை) சாப்பிடுகிறேன். எனக்கும் இதே கணக்கா?

இல்லை. வால்வு மாற்றியவர்கள், முன்பே கட்டி வந்து நிரந்தரமாக மருந்து எடுப்பவர்கள் எல்லோருக்கும் தனித் திட்டம் வேண்டும், இதய டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து போட வேண்டியது. ஆபரேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் சாப்பாடு குறைந்து வைட்டமின் கே குறைவதால் பழைய வார்ஃபரின் டோஸே அதிகமாகிப்போகும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்) ஏறும், ரத்தம் கசியும். பிறகு மாதங்கள் போகப் போகத் தேவை மறுபடி கூடும். அதனால் ஆரம்பத்தில் ஐஎன்ஆரை வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். சிகிச்சைக்காகக் கிலோ கணக்கில் எனாக்ஸபாரின் போடுபவர்கள் எடை குறையக் குறைய டோஸைத் திருத்திக்கொள்ள வேண்டும். 130 கிலோவில் எழுதிய சீட்டை 105 கிலோவிலும் தொடர்ந்தால் அது வேறு டோஸ், ஒவ்வொரு செக்கப்பிலும் அன்றைய எடையைச் சொல்லி டோஸ் சரியா என்று கேளுங்கள்.